ஏரிக்கரை ஏற்றமும் எங்கள் ட்ரெய்லரும்

எங்கள் வண்டிக்கு இழுவை போய்விட்டது என்று என் வீட்டுக்காரர் முடிவு கட்டியது ஒரு மாசி மாதக் காலையில், பல் துலக்கிக்கொண்டே. நுரையைத் துப்பிவிட்டு, "அதக் குடுத்துடலாம். கம்மாபுரத்துக்காரரு ஒருத்தரு கேட்டுக்கிட்டே இருக்காரு. ஞாயித்துக்கெழம வந்து பாக்குறேன்னாரு" என்றார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, பாத்திரம்தான் பேசும். அன்று காலை எங்கள் சமையலறைப் பேச்சு தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

அந்த வண்டியை ஓட்டியது நான். இரண்டாயிரத்துச் சில்லறை வருடங்களில், விருத்தாசலத்தில் சேலை கட்டிய ஒருத்தி டீசல் பிக்கப் வண்டி ஓட்டிக்கொண்டு போனால், டீக்கடையில் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவர்கள் உறிஞ்ச மறந்துவிடுவார்கள். எனக்கு அது பழகிப்போயிருந்தது. உண்மையைச் சொன்னால் பிடித்தும் இருந்தது. திட்டக்குடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற மங்களூரில் என் பிறந்த வீட்டில் டிராக்டர் ஓட்டி வளர்ந்தவள் நான். கல்யாணமாகி செராமிக் சாமான் செய்கிற விருத்தாசலத்துக்கு வந்த பிறகு ஏழெட்டு வருடம், எங்கள் சூளைக் கொட்டகையில் அச்சில் மண் ஊற்றுவதும், காய்ந்ததை அடுக்குவதும்தான் என் வேலை. வண்டி வாங்கியபோது வைத்த டிரைவர் மாதத்தில் பாதி நாள் வரமாட்டார். ஒருநாள் சரக்கு காத்துக்கொண்டிருக்க, சாவியை எடுத்து நானே கிளப்பினேன். அதற்குப் பிறகு அந்த டிரைவரை யாரும் தேடவில்லை.

வண்டி போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சரக்குக்கு வாடகை வண்டி வரும், அதோடு ஒரு டிரைவரும் வருவார். நான் மறுபடியும் கொட்டகைக்குள் உட்கார்ந்து அகல் அடுக்க வேண்டும். அடுக்கும் வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை, அதுவும் சோறு போட்ட வேலைதான். ஆனால் விடிகாலையில் பெண்ணாடம் ரோட்டில், ஜன்னலை இறக்கிவிட்டு, மூன்றாவது கியரிலிருந்து நாலாவதுக்கு மாற்றுகிற நேரத்தில் ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், அது வேறு எங்கேயும் எனக்குக் கிடைத்ததில்லை. அதை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

என் வீட்டுக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெருப்பு விஷயத்தில் அவரை மிஞ்ச எங்கள் செராமிக் தொழிற்பேட்டையில் ஆள் கிடையாது. சூளைக்குள் எட்டிப் பார்த்து, நிறத்தை வைத்தே இன்னும் எத்தனை நாழி எரிய வேண்டும் என்று சொல்லிவிடுவார். வெந்த சாமானை விரல் மடக்கித் தட்டி, சத்தத்தை வைத்தே கீறல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். சரக்கு அடுக்கி முடித்துச் சூளை வாசலைச் செங்கல் வைத்து அடைத்து, மேலே மண் பூசி, கற்பூரம் காட்டிவிட்டு, ஈர மண்ணில் மூன்று விரலை அழுத்தி ஒரு குறி வைப்பார். அது எங்கள் சூளையின் வழக்கம். அந்தக் குறி விழாமல் தீ மூட்ட மாட்டார்கள்.

இவ்வளவு கெட்டிக்கார மனிதருக்கு ஒரே ஒரு கோளாறு. உலகத்தில் எது உடைந்தாலும் அந்தச் சூளை வாசல் மண்ணே போதும் என்று நினைப்பார். வீட்டு ஓட்டில் ஒழுக்கா, அந்த மண். சைக்கிள் கைப்பிடி ஆடுகிறதா, அந்த மண். ஒருமுறை என் செருப்பு வார் அறுந்தபோது அவர் பார்த்த பார்வையில் நான் செருப்பை எடுத்து ஒளித்துவைத்தேன்.

கார்த்திகை சமயத்தில், அகல் விளக்கு ஏற்றி ஏற்றி வண்டிக்கு ஓய்வே இல்லாத நாட்களில், இன்ஜினிலிருந்து இறங்கும் புகைக்குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. மூன்று விரல் நுழைகிற ஓட்டை. வண்டி போடும் சத்தத்தில் கோயில் தெருவில் புறா எல்லாம் எழும்பிப் பறந்தது. அவர் வண்டிக்கு அடியில் படுத்து, வழக்கம்போல மண்ணைக் குழைத்து, ஓட்டையில் வைத்து நன்றாக அழுத்தி, மேலே தகரம் சுற்றி, கம்பி கட்டிவிட்டு எழுந்தார். சத்தம் நின்றது. "பாத்தியா" என்றார். நானும் மெச்சிக்கொண்டேன். அன்றே சுமையோடு திட்டக்குடி போய்வந்தேன். அதற்குப் பிறகு இருவரும் அந்த ஓட்டையை மறந்தே போனோம்.

தை பிறந்ததும் வண்டி முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. காலியாகப் போனால் ஒரு குறையும் இல்லை, ஜம்மென்று ஓடும். பின்னால் ட்ரெய்லரை மாட்டிவிட்டால் போதும், ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் உள்ளே யாரோ பிடித்து இழுப்பதுபோல முக்கும். கறுப்புப் புகை கக்கும். இன்ஜின் சூட்டைக் காட்டுகிற முள் ஏறும். இரண்டு சக்கர ட்ரெய்லர் அது. என் அண்ணன் ஒரு காலத்தில் ஜெனரேட்டர் வைத்து இழுத்தது, பிறகு சில வருடம் முன்பு பொங்கல் சீராக எனக்குக் கொடுத்தது. கரும்பும் மஞ்சளும் கொண்டுவந்த கையோடு ட்ரெய்லரையும் கொண்டுவந்து நிறுத்திய அண்ணன் எனக்கு மட்டும்தான் இருப்பார். அது வந்த பிறகுதான் இரண்டு நடையில் போகிற சரக்கை ஒரே நடையில் கொண்டுபோனோம். இப்போது அதை மாட்டினால் வண்டி நகர மறுத்தது.

மெக்கானிக் பாயிடம் கொண்டுபோனேன். வளைகுடாவில் பத்து வருடம் பெரிய பெரிய வண்டிகளில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். காற்று ஃபில்டரைத் தட்டினார், டீசல் ஃபில்டரை மாற்றினார், ஓட்டிப் பார்த்தார். "வண்டி நல்லாத்தானே ஓடுது தங்கச்சி. அங்க எல்லாம் பின்னாடி படகையே கட்டி இழுத்துட்டுப் போவாங்க. இது இழுக்கிறப்ப என்னா பண்ணுதுன்னு பாக்கணும். லோடோட கொண்டாங்க" என்றார். அவருடைய பட்டறை இருந்த சந்தில் ஆட்டோ திரும்பவே மூன்றுமுறை முன்னும் பின்னும் போக வேண்டும். லோடும் ட்ரெய்லருமாக எங்கே போவது? அதனால் போகவில்லை. அந்த இடைவெளியில் என் வீட்டுக்காரர் தாமாகவே தீர்ப்பு எழுதிவிட்டார். வண்டிக்கு வயசாகிவிட்டது, சுமை இழுத்து இழுத்து இன்ஜின் சக்தி தீர்ந்துவிட்டது.

பாத்திரம் ஓய்ந்த பிறகு நான் வாயைத் திறந்தேன்.

"வெள்ளிக்கெழம மங்களூர் லோடு இருக்குது இல்ல?"

"அதுக்கு வாடகைக்கு வண்டி சொல்லிக்கிலாம்."

"நம்ம வண்டிதான் போவுது. ட்ரெய்லரும் போவுது. ஏரிக்கர ஏத்தத்துல ஏறிடுச்சின்னா வண்டி நம்ம வூட்டுலதான் இருக்கும். ஏறலன்னா ஞாயித்துக்கெழம கம்மாபுரத்துக்காரர்கிட்ட நானே சாவியக் குடுக்குறேன்."

அவர் யோசித்தார். ஏறாது என்று அவருக்கு உறுதி. ஏறும் என்று எனக்கும் உள்ளுக்குள் உறுதி இல்லை. சொன்னதற்குப் பிறகு பின்வாங்குகிற வழக்கம் எனக்கு இல்லை, அவ்வளவுதான்.

"சரி. நானும் வரேன்" என்றார்.

மங்களூர் லோடு என்ன என்று சொல்லவில்லையே. கக்கூஸ் பேசின். அப்போது வீட்டுக்கு வீடு கழிவறை கட்டச் சொல்லி ஊர் ஊராகப் பேச்சாக இருந்தது. என் அண்ணி அந்த வருடம் வார்டு மெம்பர். "வேற எங்கியோ எதுக்கு வாங்கணும், எங்க நாத்தனாரு வூட்டுலயே பண்றாங்க" என்று எல்லாரிடமும் சொல்லி, தெருவுக்கே எங்களிடம் ஆர்டர் கொடுத்துவிட்டார். வண்டியில் பாதி, ட்ரெய்லரில் மீதி, நடுவில் வைக்கோல் திணித்து அடுக்கினோம். பளபளவென்று வெள்ளை வெளேரென்று இருந்தது. சுமையும் சாதாரணச் சுமை இல்லை. ஒன்றைத் தூக்கிவைத்தாலே இடுப்பு ஞாபகம் வரும்.

வெள்ளிக்கிழமை வெயில் ஏறுவதற்கு முன்பே கிளம்பினோம். பெண்ணாடம் வரைக்கும் ரோடு சமமாக இருந்ததால் வண்டி முனகிக்கொண்டே ஓடியது. திட்டக்குடியில் டீ குடித்தோம். டீக்கடைக்காரர் ட்ரெய்லரை எட்டிப் பார்த்துவிட்டு, "பொறந்த வூட்டுக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் முகத்தில் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்கு இன்றைக்கும் நினைவில் இருக்கிறது.

திட்டக்குடி தாண்டியதும் ரோடு வயலை விட்டு ஏரிக்கரை மேல் ஏறும். பெரிய மலை ஒன்றும் இல்லை, ஆனால் செங்குத்தாக ஏறி வளையும். நான் முன்கூட்டியே இரண்டாவது கியருக்கு வந்தேன். பாதி ஏறுவதற்குள் வண்டி திணற ஆரம்பித்தது. முதல் கியர் போட்டேன். பின்னால் கறுப்புப் புகை ட்ரெய்லரையே மறைத்தது. சூட்டு முள் சிவப்பைத் தொட்டது. இன்னும் நாற்பதடி ஏறினால் கரை. வண்டி இரண்டு தரம் குலுங்கி, நின்றுவிட்டது.

பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் இறங்கி ஓடி ட்ரெய்லர் சக்கரத்துக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் கல் வைத்தார். திரும்பி வந்து ஜன்னல் பக்கத்தில் நின்றார். "நான்தான் சொன்னனே" என்று சொல்லியிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருப்பேன். அவர் சொல்லாததால் எனக்கு அழுகை வந்தது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைப்பதுபோலத் துடைத்துக்கொண்டேன்.

துடைத்து முடித்ததும் கோபம் வந்துவிட்டது. என் கோபம் எனக்கு நல்லதுதான் செய்யும், மூளை சுறுசுறுப்பாகிவிடும். டிராக்டரில் புகைக்குழாய் நம் கண்ணுக்கு நேராக நட்டுக்கொண்டு நிற்கும். அதன் மேல் ஒரு தகர மூடி இருக்கும். சுமை ஏற ஏற, இன்ஜின் விடுகிற மூச்சில் அந்த மூடி படபடவென்று திறந்துகொண்டே போகும். ஏர் ஓட்டும்போது நான் மண்ணைப் பார்த்ததைவிட அந்த மூடியைத்தான் அதிகம் பார்த்திருப்பேன். இழுக்கிற வண்டி நிறைய மூச்சு விட வேண்டும். இந்த வண்டியின் குழாயோ பின்னால் அடியில் கிடக்கிறது. அதை நான் பார்த்ததே இல்லை.

"ஏங்க, பின்னாடி போயி பொகக் கொழாகிட்ட கைய வெச்சிப் பாருங்க" என்றேன். அவர் போனார். நான் இன்ஜினைக் கிளப்பி நியூட்ரலில் வைத்து ஆக்ஸிலேட்டரைக் கடைசி வரை மிதித்தேன்.

"காத்து வருதா?"

"வருது."

"எப்பிடி வருது?"

"புஸ்ஸுன்னு வருது."

"நான் இங்க இந்த முறுக்கு முறுக்குறேன், புஸ்ஸுன்னா வருது?"

கண்ணாடியில் பார்த்தேன். அவர் குனிந்தபடியே கையை நீட்டிக்கொண்டு நின்றார். பிறகு மெல்ல நிமிர்ந்து நடந்து வந்தார். அவர் முகம் சூளைக்குள் எட்டிப் பார்க்கும்போது இருக்குமே, அப்படி இருந்தது.

"சிம்னி அடச்சிக்கிட்டா சூள எப்பிடி எரியும் தெரியுமா" என்றார். "கறுப்பா பொக தள்ளும். வெறவு போடப் போடப் பொகதான் வரும். சூடு உள்ளவே நிக்கும், வேலைக்கு ஆவாது. கம்மியா எரிச்சா ஒண்ணும் தெரியாது. பெருசா எரிச்சாத்தான் தெரியும்."

"சொல்லுங்க."

"காலியா ஓடுனா பொக கம்மி, அடைப்பு சந்துலயே போயிடுது. ட்ரெய்லர மாட்டுனா டீசல் நெறைய எரியுது, பொக நெறைய வருது. வெளிய போவ வழி இல்ல. பழைய பொகயே உள்ள நின்னா புதுக் காத்து எங்க பூரும்? இன்ஜினு மேல தப்பு இல்ல."

இதை எல்லாம் கடகடவென்று சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டார். நானும் அவரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் கார்த்திகை ஞாபகம் வந்துவிட்டது.

"எவ்ளோ மண்ணு வெச்சீங்க?" என்றேன்.

"உள்ளயும் புடிக்கணும் இல்ல" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "ரெண்டு கை இருக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏரிக்கரையில், பாதி ஏற்றத்தில், பின்னால் ஒரு ட்ரெய்லர் நிறைய கக்கூஸ் பேசினை வைத்துக்கொண்டு, ஸ்டியரிங்கில் தலையை முட்டி முட்டிச் சிரித்தேன். அவரும் முதலில் முறைத்தார், பிறகு அவருக்கும் அடக்க முடியவில்லை. ஆட்டை ஓட்டிக்கொண்டு போன ஒரு அம்மா எங்களைப் பார்த்துவிட்டு ஆடுகளை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

குழாய் ஆறுவதற்கு ஒருமணி நேரம் காத்திருந்தோம். ஏரிக் காற்று நன்றாக வீசியது. கட்டிக்கொண்டு வந்த புளிசாதத்தைக் கரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் மட்டும் ஒரு இடத்தில் உட்கார்ந்து, ஒரு வேலையும் இல்லாமல், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதையும் அந்த மண்தான் கொடுத்தது என்று சொன்னால் அவருக்குத் தலைக்கனம் ஏறிவிடும், அதனால் சொல்லவில்லை.

ஆறியதும் அடியில் படுத்தார். நான் ஸ்பேனர்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். துருப்பிடித்த போல்ட்டில் டீசல் ஊற்றித் திருகியதில் இரண்டு கழன்றது, ஒன்று உடைந்தே போனது. குழாயை இறக்கி வீல் ஸ்பேனரால் நாலு தட்டு தட்டினார். கார்த்திகையிலிருந்து படிந்து படிந்து வழியை அடைத்திருந்த கரித்தூள் கொட்டியது. ஐந்தாவது தட்டில் கட்டியாக ஒன்று நழுவி ரோட்டில் விழுந்து உருண்டது. எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிதாக இருக்கும். ஒரு பக்கம் குழாயின் உள்வளைவு அப்படியே வார்த்தெடுத்ததுபோல இருந்தது. இன்னொரு பக்கம் மூன்று விரல் பதிந்த குழி.

உடம்பெல்லாம் கரியாக வெளியே வந்தவர் அதைக் கையில் எடுத்தார். விரலை மடக்கித் தட்டினார். கணீரென்றது. மறுபடியும் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டார்.

"நல்லா வெந்துருக்குது" என்றார். சொன்ன விதத்தில் பெருமைதான் இருந்தது. ட்ரெய்லரை இழுக்க வைத்து வைத்து அந்தக் குழாயைச் சூளையாக்கி, அவர் வைத்த மண்ணை நானே சுட்டு எடுத்திருக்கிறேன்.

இரண்டு போல்ட்டோடு குழாயை மாட்டினார். ஓட்டை திறந்தே கிடந்தது. "மண்ணு கெடக்குதா இங்க" என்று கரைப் பக்கம் அவர் பார்வை போனதும், "கல்லுகிட்ட போயி நில்லுங்க" என்று அதட்டினேன்.

இன்ஜினைக் கிளப்பியதும் ஏரிக்கரையே அதிர்ந்தது. காதில் பேச்சு விழாத சத்தம். அவர் கல்லை எடுக்கத் தயாராக ட்ரெய்லர் அருகில் நின்றார். முதல் கியர் போட்டு, கிளட்சை மெல்ல விட்டு, ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். ஒரு கணம்தான் தயங்கியது. அப்புறம் அந்த வண்டி நகர்ந்தது. முக்கவில்லை, குலுங்கவில்லை. சுமையை உணர்ந்துகொண்டு, தோளைக் கொடுத்து, நிதானமாக ஏறியது. ஸ்டியரிங் வழியாக அந்த இழுவை என் கைக்கு வந்தது. கரைமேல் போய் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அவர் கரி முகத்தோடு, ஒரு கையில் கல்லும் இன்னொரு கையில் அந்தக் கட்டியுமாக ஓடி வந்துகொண்டிருந்தார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

நாங்கள் வருவது மங்களூருக்கு ஒரு மைலுக்கு முன்பே கேட்டுவிட்டது. தெருவில் நுழையும்போது எல்லா வீட்டு வாசலிலும் ஆள். என் அண்ணி இடுப்பில் கைவைத்து நடுத்தெருவில் நின்றார்.

"ஏன் பாப்பா, ஏரோப்பிளேன்லயா வர?" என்றார். பிறகு தார்ப்பாயை விலக்கி, வெயிலில் மின்னிய பேசின்களைப் பார்த்துவிட்டு, தெருவுக்கே கேட்கிறமாதிரி, "எல்லாரு வூட்லயும் பொண்ணுக்குச் சீரு அனுப்புவாங்க. எங்க வூட்டுப் பொண்ணு எங்களுக்குச் சீரு கொண்டாந்துருக்குது பாருங்க" என்றார். தெரு சிரித்தது. அதில் ஒன்றுகூட உடையாமல் இறக்கினோம். என் அண்ணன் பேசினைப் பார்க்கவில்லை, ட்ரெய்லரின் கொக்கியைத் தடவிப் பார்த்து, "இழுத்துடுச்சா" என்று மட்டும் கேட்டார். இழுத்துவிட்டது என்றேன்.

திரும்பி வந்ததும் பாய் பட்டறைக்குப் போய்ப் புதுக் குழாய் போட்டோம். கட்டியைக் காட்டினேன். பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வளைகுடாவுல பத்து வருஷம் இருந்தேன் தங்கச்சி. மணல் பூந்து பாத்துருக்கேன், ஒட்டக முடி பூந்து பாத்துருக்கேன். சைலென்ஸர்ல பானை வனஞ்சி இப்பத்தான் பாக்குறேன்" என்றார். என் வீட்டுக்காரர் பட்டறைக் காலண்டரில் ஏதோ முக்கியமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கம்மாபுரத்துக்காரர் தம் மோட்டார் சைக்கிளில் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, கையில் வெற்றிலைப் பாக்குப் பை. வாங்குவது என்று முடிவெடுத்துத்தான் வந்திருக்கிறார். நான் உள்ளே காபி கலந்துகொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டது. ஏரிக்கரையில் ஏறிவிட்டதுதான். ஆனால் என் வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்தவர், தாட்சண்யம் பார்க்கிற மனிதர். வீடு தேடி வந்தவரை வெறுங்கையோடு அனுப்பச் சங்கடப்படுவார். கரண்டியைக் கையில் பிடித்தபடியே நின்றேன்.

வந்தவர் வண்டியைச் சுற்றிப் பார்த்தார். டயரைத் தட்டினார். "என்னா, முடிச்சிக்கிலாமா?" என்றார்.

"நீங்க தப்பா நெனச்சிக்கக் கூடாது" என்றார் என் வீட்டுக்காரர். "நான் அன்னிக்கி உங்ககிட்ட பேசுனதே தப்பு. வண்டி என்னுது இல்லீங்க. ஓட்டுறவங்க உள்ள இருக்காங்க. வருவாங்க, அவங்களக் கேளுங்க."

காபி இரண்டு டம்ளரையும் எடுத்துக்கொண்டு வெளியே போனேன். டம்ளரைக் கொடுத்துவிட்டு, "குடுக்குறதா இல்லீங்க" என்றேன். அந்த மனிதர் நல்லவர், சிரித்துக்கொண்டே காபியைக் குடித்தார். என் வீட்டுக்காரர் வண்டிக்குள் கையை விட்டு, முன்கண்ணாடிக்குக் கீழே எதையோ சரிசெய்து வைத்தார். நான் போய்ப் பார்த்தேன். அந்தக் கட்டி. வெள்ளிக்கிழமை ராத்திரி எரிந்த சூளையில் பச்சை மெருகு பூசிச் சுட்டு எடுத்திருந்தார். மூன்று விரல் குழி முன்பக்கம் பார்க்க உட்கார்ந்திருந்தது.

"குறி வெச்சாச்சி" என்றார். "ஓட்டு."